ஆக்டேன் பூஸ்டர்: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை? – வாசகர் கேள்வி–பதில்

டர்போ பெட்ரோல் கார்களின் பராமரிப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆக்டேன் பூஸ்டர் எனப்படும் பெட்ரோல் சேர்க்கைத் திரவத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் விரிவாக எழுதியவரின் கடிதத்தைத் தேர்ந்துகொண்டேன்.

என்னுடையது 1.5 லிட்டர் டர்போ செடான். 150 குதிரைத்திறன் கொண்டது. ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு புட்டி பூஸ்டர் ஊற்றினால் பத்துக் குதிரைத்திறன் கூடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? – சேலம் வாசகர்

உங்கள் காரில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்றால் பத்து அல்ல, ஒன்றுகூடக் கூடுவது சந்தேகம்தான். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலின் அளவு அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது, பிளக்கின் பொறிக்குக் காத்திராமல் தானாகவே பற்றிக்கொள்ளாதபடி அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஐசோ-ஆக்டேன் என்ற சேர்மத்துக்கு 100 என்றும், வெகு எளிதில் தானே பற்றிக்கொள்ளும் நார்மல்-ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து, 1920-களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் வகுத்த அளவுகோலைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

பொறி விழுந்ததும் தீ பிளக்கிலிருந்து சிலிண்டரின் ஓரங்களை நோக்கிச் சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. தீ வந்து சேருவதற்கு முன்பே அது தானாக வெடித்துவிட்டால், அழுத்த அலைகள் சிலிண்டர் சுவர்களில் மோதி எதிரொலிக்கின்றன. அதைத்தான் நாக்கிங் என்கிறோம். கார் என்ஜின்களில் இந்த அதிர்வு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். என்ஜின் பிளாக்கில் திருகப்பட்டுள்ள நாக் சென்சார் அதைக் கேட்டவுடன், இசியு எனப்படும் கணினி, பொறி விழும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போட்டு நாக்கிங்கை அடக்கிவிடுகிறது. பிறகு சிறிது சிறிதாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பொறி தள்ளிப்போகும் அந்த நேரத்தில்தான் சக்தி குறைகிறது.

ஆக, ஆக்டேன் கூடிய பெட்ரோல் புதிதாக எந்தச் சக்தியையும் கொண்டுவருவதில்லை. தரம் குறைந்த பெட்ரோலால் இழந்துகொண்டிருந்த சக்தி இருந்தால் அதைத் திருப்பித் தருகிறது. இழப்பே இல்லாத காரில் திருப்பித் தர எதுவும் இல்லை. பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதில் 91 அல்லது 95 என்று இருந்து, அந்த எண்ணுக்குக் குறையாத பெட்ரோலை நீங்கள் போட்டுவந்தால், பூஸ்டருக்குச் செலவிடும் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடலாம்.

நான் வாங்கிய 300 மில்லி புட்டியில் “30 பாயின்ட் வரை உயர்த்தும்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். 95 ஆக்டேன் பெட்ரோல் 125 ஆகிவிடுமா? – கோயம்புத்தூர் வாசகர்

ஆகாது. இந்த வணிகத்தில் “பாயின்ட்” என்பது ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 30 பாயின்ட் என்றால் 3 ஆக்டேன். 95 என்பது 98 ஆகலாம் என்பதே அந்த வாசகத்தின் பொருள். “வரை” என்ற சொல்லையும் கவனித்துக்கொள்ளுங்கள். அடிப்படைப் பெட்ரோலின் ஆக்டேன் ஏற்கெனவே உயர்ந்ததாக இருந்தால் அதே புட்டி தரும் உயர்வு குறைந்துபோகும்.

இதைவிட முக்கியமானது புட்டிக்குள் இருக்கும் பொருள். உலோகமோ அமீனோ (நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மம்) இல்லாத, வெறும் ஹைட்ரோகார்பன் கரைப்பான்களைக் கொண்ட பூஸ்டரால் என்ன செய்ய முடியும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டொலுயீன் என்ற கரைப்பானின் ஆக்டேன் ஏறக்குறைய 120. உங்கள் 45 லிட்டர் டேங்கில் 300 மில்லி என்பது 0.67 சதவீதம். 120-க்கும் 95-க்கும் உள்ள வேறுபாடு 25, அதில் 0.67 சதவீதம் என்பது 0.17. அதாவது முழுப் புட்டியும் சுத்தமான டொலுயீனாகவே இருந்தாலும் ஆக்டேனில் 0.2 கூட ஏறாது. அதே டொலுயீனைக் கொண்டு 3 ஆக்டேன் உயர்த்த வேண்டுமானால் 45 லிட்டரில் 5.4 லிட்டர் கலந்திருக்க வேண்டும். கலவைகள் இவ்வளவு நேர்க்கோட்டில் நடந்துகொள்வதில்லை என்றாலும், விடை எந்த அளவில் இருக்கும் என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

எனவே, சிறு புட்டி ஒன்று பெரிய உயர்வைத் தருவதாகச் சொன்னால் அது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் உலோகச் சேர்மம் அல்லது வீரியமுள்ள அமீன் அதில் இருக்கிறது, அல்லது அந்த விளம்பரம் பொய். எதில் ஆனது என்பதைச் சொல்லாத புட்டியை வாங்காதீர்கள். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளை இணையத்தில் தேடி எடுத்து, பொருள்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானாகவே இருப்பதைச் சில தரவுத்தாள்களில் நீங்களே காணலாம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் பெட்ரோலைவிட மிகவும் குறைவு.

சில மாதங்களாகப் பூஸ்டர் பயன்படுத்துகிறேன். சர்வீஸில் பிளக்குகளைக் கழற்றியபோது நுனியெல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன. மெக்கானிக் “நன்றாக எரிகிறது” என்றார். சரிதானா? – திருச்சி வாசகர்

சரியல்ல. ஆரோக்கியமான என்ஜினின் பிளக்கில் நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான், வெளிர் சாம்பல் அல்லது மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும். செங்கல் பொடியைத் தூவியதுபோல், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் ஆரஞ்சு-சிவப்புப் படிவு இருந்தால் அது எரிந்த பெட்ரோலின் நிறம் அல்ல; உலோக ஆக்சைடு. நீங்கள் பயன்படுத்திய பூஸ்டரில் எம்எம்டி எனப்படும் மாங்கனீசுச் சேர்மமோ, ஃபெரோசின் எனப்படும் இரும்புச் சேர்மமோ இருந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டும் நாக்கிங்கைத் தடுப்பது உண்மை. பெட்ரோல் எரிந்துவிடும், ஆனால் உலோகம் எரிந்து மறைவதில்லை. ஒரு பகுதி புகையோடு வெளியேற, மீதி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டுத் துளைகளிலும் தங்கிவிடுகிறது. இரும்பு ஆக்சைடு படிந்த பீங்கான் சூடேறும்போது மின்சாரத்தைக் கசியவிடும். அப்போது பொறி இடைவெளியில் தாவாமல் பீங்கான் மேலாகவே ஓடிவிடுவதால் அந்த சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்யும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது உருகிப்போகும் அளவுக்குச் சூடாகும். பூஸ்டர் புட்டியோடு ஒப்பிட்டால் கன்வெர்ட்டரின் விலை எத்தனை மடங்கு என்பதை உங்கள் மெக்கானிக்கிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாக்கிங்கைத் தடுக்க உலோகத்தை நாடுவது பழைய வழக்கம். 1921 டிசம்பர் 9 அன்று, சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மம் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டறிந்தார். அதன் நச்சு உலகெங்கும் காற்றில் கலந்து, பல தலைமுறைக் குழந்தைகளைப் பாதித்த பிறகே ஒவ்வொரு நாடாக அதைக் கைவிட்டது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-இல்தான் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. மாங்கனீசை ஈயத்தோடு சமமாக வைக்க முடியாது என்றாலும், அரசுகள் அதையும் கட்டுப்படுத்தியே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் மாங்கனீசுதான் உச்சவரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் வெறும் 2 மில்லிகிராம்.

உடனே செய்ய வேண்டியவை: அந்தப் பூஸ்டரை நிறுத்துங்கள், பிளக்குகளை மாற்றுங்கள், ஸ்கேனரைப் பொருத்தி மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள சென்சாரின் அளவீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வாரண்டி இன்னும் இருக்குமானால், உலோகச் சேர்க்கைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உங்கள் கார்க் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே அச்சிட்டிருக்கின்றன.

என் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரை “ஸ்டேஜ் 1” ரீமேப் செய்திருக்கிறேன். 100 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும் என்றார்கள். எப்போதும் அது கிடைப்பதில்லை. மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறும்போது, வத்தலக்குண்டு தாண்டியதும் மேட்டில் கண்ணாடிக் கோலிகளைக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தது. ஒவ்வொரு டேங்குக்கும் பூஸ்டர் போட்டால் சரியாகிவிடுமா? – மதுரை வாசகர்

வந்த கடிதங்களில் பூஸ்டரைப் பற்றி யோசிக்க உண்மையான காரணம் உள்ளவர் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

பொறி நேரம், டர்போ அழுத்தம் போன்றவற்றுக்கு இசியு பின்பற்றும் அட்டவணைதான் மேப்; அதை மாற்றி எழுதுவதே ரீமேப். தொழிற்சாலையில் அமைத்த மேப், தரம் குறைந்த பெட்ரோல், வெயில், நிறைந்த பாரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தாராளமான பாதுகாப்பு இடைவெளியோடு எழுதப்பட்டது. ரீமேப் செய்பவர் அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் சக்தியாக மாற்றித் தருகிறார்: டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிறார், பொறி விழும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருகிறார். 100 ஆக்டேனுக்கென்று எழுதிய மேப்பில் அதைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோலைப் போட்டால், நாக் சென்சாரும் இசியுவும் ஓரளவுக்குச் சமாளிக்கும். ஆனால் அந்தச் சமாளிப்புக்கு எல்லை உண்டு. உங்கள் காதுக்கே சத்தம் கேட்டிருக்கிறது என்றால், அந்த எல்லை வரை போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். டர்போ என்ஜினில் தொடர்ந்த நாக்கிங் முதலில் காவு வாங்குவது பிஸ்டனில் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதியை. அது விண்டுபோனால் என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட பயணத்தில் நாக்கிங்குக்கு வேண்டிய எல்லாமே ஒன்றுகூடியிருக்கின்றன. அடிவாரத்தில் மே மாத வெயில்; உள்ளே இழுக்கப்படும் காற்றே சூடு. ஐந்து பேரும் சாமான்களும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே வேகம் குறைவு என்பதால் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் மேல் காற்று வீசுவதும் குறைவு. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம் வரை போகும்போது வெளிக்காற்றின் அடர்த்தி குறைந்துகொண்டே வரும். டர்போ இல்லாத என்ஜினாக இருந்தால் சிலிண்டருக்குள் செல்லும் காற்றும் குறைந்து நாக்கிங் தணிந்திருக்கும். டர்போவோ அந்தக் குறைவை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை நெருக்கி, மேலும் சூடாக்கி அனுப்புகிறது.

ஒவ்வொரு டேங்குக்கும் பூஸ்டர் என்பது இதற்குத் தீர்வாகாது. உலோகப் பூஸ்டரானால் திருச்சி வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். உலோகமில்லாததானால் 95-ஐ 100 ஆக்கப் போதாது. முதல் வேலையாக, ரீமேப் செய்தவரிடம் திரும்பிப் போய், 95 ஆக்டேனுக்கான மேப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பொறுப்புள்ள டியூனர் இதற்கு மறுக்க மாட்டார். சிலர் இரண்டு மேப்களையும் கொடுத்து, நாமே மாற்றிக்கொள்ளும் வசதியையும் செய்து தருகிறார்கள். இழப்பது சில குதிரைத்திறன்கள். கிடைப்பது எந்தப் பெட்ரோல் பங்கிலும் கவலையின்றி நிரப்பும் வசதி. மதுரையில் வாழ்ந்துகொண்டு அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு இதுவே பொருத்தமான மேப் என்பது என் உறுதியான கருத்து.

100 ஆக்டேன் மேப்பையே வைத்துக்கொள்ள விரும்பினால், பெட்ரோலாகவே கலப்பது புட்டியைவிட நம்பகமானது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோலில் பாதி, 95-இல் பாதி என்று நிரப்பினால் ஏறக்குறைய 97.5 கிடைக்கும். எக்ஸ்பி100 2020 டிசம்பரில் அறிமுகமானபோது டில்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு விற்றது, விலை அதிகம்தான். இருந்தாலும் பூஸ்டர் புட்டியின் விலையை உங்கள் டேங்கின் லிட்டர் அளவால் வகுத்து, சாதாரணப் பெட்ரோல் விலையோடு கூட்டிப் பாருங்கள். புட்டி மலிவு என்ற எண்ணம் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே மாறிவிடும்.

கலவை சரியா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இசியுவின் அளவீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மடிக்கணினியோடு இணைத்து, உடன் ஒருவரை அமர்த்தி, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து சட்டத்துக்கு உட்பட்ட வேகம் வரை முடுக்கி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை டிகிரி பின்தள்ளப்படுகிறது என்பதைப் பதிவு செய்யுங்கள். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்துப் பதியுங்கள். காலைக் குளிரில் எடுத்த பதிவை நண்பகல் பதிவோடு ஒப்பிட்டுப் பெட்ரோலுக்கு நற்சான்று தருவதுதான் பலரும் செய்கிற தவறு. எல்லா சிலிண்டர்களிலும் தொடர்ந்து பின்தள்ளல் இருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது மேப் மிஞ்சிவிட்டது. ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் இருந்தால் பிளக், இன்ஜெக்டர், கரிப் படிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு எந்த பூஸ்டரும் மருந்தாகாது.

அதுவரை மலை ஏறும்போது ஒன்றைக் கடைப்பிடியுங்கள். கீழ்ச் சுற்றில், மேல் கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிப்பதுதான் நாக்கிங்குக்கு மிகவும் ஏற்ற நிலை. தானாகக் கியர் மாற்றும் உங்கள் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் எரிபொருள் சிக்கனத்துக்காக அந்த நிலைக்கே போக முயலும். மேட்டில் ‘எஸ்’ நிலைக்கோ கையால் மாற்றும் நிலைக்கோ மாற்றி, கியரைக் குறைத்து, சுற்றை 2,500-க்கு மேல் வைத்து, பாதி மிதியில் ஏறுங்கள். சத்தம் வந்தால் உடனே காலைத் தளர்த்துங்கள். நல்ல பெட்ரோல் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் மட்டும், அவசரத்துக்கு ஒரு புட்டி உலோகமில்லாப் பூஸ்டரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. பெட்ரோல் நிரப்புவதற்கு முன்பே அதை டேங்கில் ஊற்றிவிட்டால், மேலே விழும் பெட்ரோல் நன்கு கலக்கிவிடும்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு ஆக்டேன் குறைந்துவிட்டதால்தான் மைலேஜ் குறைகிறது, அதற்குப் பூஸ்டர் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். – தஞ்சாவூர் வாசகர்

நடந்திருப்பது நேர்மாறானது. இ20 என்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ ஒட்டியது. பெட்ரோலில் சேர்க்கும்போது ஆக்டேன் ஏறத்தான் செய்யும். முன்பு 88 ஆக இருந்த ஆர்ஓஎன் (நம் பங்குகளில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்) அளவு பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்காக 91 ஆக உயர்த்தப்பட்டது என்றும், 20 சதவீத எத்தனால் கலப்பால் அது 95 ஆகியுள்ளது என்றும் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-இல் விளக்கம் தந்தது.

மைலேஜ் குறைவதற்குக் காரணம் ஆற்றல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். எந்த பூஸ்டரும் அந்தக் குறையை ஈடுகட்டாது. பழைய காராக இருந்தால் நீங்கள் கவனிக்க வேண்டியது ரப்பர் குழாய்களையும் சீல்களையும் டேங்கில் தண்ணீர் சேர்வதையும்தான். அவற்றுக்கும் ஆக்டேன் பூஸ்டருக்கும் தொடர்பே இல்லை.

அந்துருண்டையைப் பெட்ரோலில் கரைத்துப் போட்டால் பிக்கப் கூடும் என்று என் மாமா சொல்வார். பெயின்ட் கடைத் தின்னரும் அப்படித்தான் என்கிறார்கள். – விருதுநகர் வாசகர்

மாமா சொன்னதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. அன்று அந்துருண்டை நாஃப்தலீனால் ஆனது. அதற்கு நாக்கிங்கைத் தடுக்கும் தன்மை உண்டு. ஆனால் அது திடப்பொருள். பெட்ரோல் ஆவியானதும் மீண்டும் படிகமாகி, இன்ஜெக்டரின் நுண் துளைகளில் அடைத்துக்கொள்ளும். இன்று கடைகளில் கிடைக்கும் பல உருண்டைகளோ பாரா-டைகுளோரோபென்சீனால் ஆனவை. குளோரின் உள்ள அந்தப் பொருள் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அது என்ஜினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தின்னர் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. கடைக்குக் கடை கலவை மாறும். அசிட்டோனும் வேறு கரைப்பான்களும் சேர்ந்திருக்கும். அவை பெட்ரோல் பம்பின் சீல்களைத் தின்றுவிடக்கூடும். வீட்டில் வாளியில் ஊற்றிக் கலப்பவர்கள் தீ விபத்தையும் விலைக்கு வாங்குகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் 92, 95 என்று இரண்டு வகைப் பெட்ரோல் கிடைக்கிறது. துபாயில் இருக்கும் என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்த மஸ்டாங் ஓட்டுகிறான். அதன் புத்தகத்தில் 91 என்றிருப்பதால் அங்குள்ள மலிவான 91-ஐப் போடுகிறான். சரியா? – யாழ்ப்பாண வாசகர்

சரியல்ல, அவருக்கு இன்றே சொல்லிவிடுங்கள். இலங்கையிலும் வளைகுடாவிலும் இந்தியாவிலும் பங்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன் என்ற அளவு. அமெரிக்காவில் எழுதுவது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரு அளவுகளின் சராசரி. எம்ஓஎன் சோதனை கடுமையானது என்பதால் அதில் அதே பெட்ரோலுக்குக் குறைந்த எண்ணே கிடைக்கும். அதனால் சராசரியும் தாழ்ந்துவிடுகிறது. அமெரிக்கக் கையேட்டின் 91 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96. அங்குள்ள 87 என்பது நமக்கு 91 அல்லது 92.

துபாயில் இ-பிளஸ் 91, ஸ்பெஷல் 95, சூப்பர் 98 என்று மூன்று வகை கிடைக்கிறது. அந்த வெயிலுக்கும் அந்தக் காருக்கும் சூப்பர் 98 போடச் சொல்லுங்கள். 98 பங்கிலேயே கிடைக்கும் ஊரில் பூஸ்டரைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை.

நேரடி இன்ஜெக்ஷன் டர்போ காரில், ஓஎம்ஆர் சாலையில் மெதுவாக ஊர்ந்துவிட்டுத் திடீரென மிதித்தால், எப்போதாவது ஒரே ஒரு முறை “டங்” என்று சுத்தியலால் அடித்த சத்தம் வருகிறது. பூஸ்டர் போட்டும் போகவில்லை. – சென்னை வாசகர்

தொடர்ச்சியாக வராமல் தனித்த ஒரே அடியாக, கீழ்ச் சுற்றில், அதிகப் பாரத்தில் வருகிறது என்பதால் இது சாதாரண நாக்கிங்காக இல்லாமல், குறைந்த வேக முன்-எரிதலாக இருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டர் சுவரில் ஒட்டிய என்ஜின் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளிகளோ, உதிர்ந்த கரித் துகள்களோ பொறிக்கு முன்பே தீ மூட்டிவிடுவதால் ஏற்படுவது இது. தீ தொடங்குவதே பொறியினால் அல்ல என்பதால் இசியு பொறியைப் பின்தள்ளியும் பயனில்லை. பூஸ்டரும் கைகொடுக்காததற்கு அதுவே காரணம்.

ஆயிலில் உள்ள கால்சியம் வகைச் சுத்திகரிப்பான்கள் இதைத் தூண்டுவது தெரியவந்த பிறகு, 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற என்ஜின் ஆயில் தரங்கள் இந்தச் சிக்கலையும் கருத்தில் கொண்டு வந்தன. உங்கள் கையேடு அனுமதிக்கும் பாகுநிலையில் எஸ்பி தரமுள்ள ஆயிலுக்கு மாறுங்கள், மாற்றும் இடைவெளியை நீட்டாதீர்கள், பிளக்குகளையும் பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ஓட்டுவதைத் தள்ளிவைத்து சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள்; இந்த அடி ஒன்றே பிஸ்டனை உடைக்கப் போதுமானது.

செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டேயில் கலந்துகொள்கிறேன். மாற்றம் செய்யாத டர்போ ஹேட்ச்பேக். அன்றைக்கு மட்டும் பூஸ்டர் போடலாமா? – திருப்பூர் வாசகர்

சாலையில் சில நொடிகள் மட்டும் நிகழும் முழு மிதி, பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று நிகழ்கிறது; இன்டர்கூலர் சூடேறியதும் இசியு பொறியைப் பின்தள்ளத் தொடங்கும். எனவே அன்றைக்கு மட்டும் ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட நினைப்பது நியாயமே. ஆனால் அதைப் புட்டியில் தேடாமல், முதல் நாளே கோயம்புத்தூரில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு போங்கள். எந்த எரிபொருளை அனுமதிக்கிறார்கள் என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வேகச் சுற்றுகளுக்கு ஒருமுறை மெதுவான சுற்று ஒன்றை ஓட்டினால் என்ஜினுக்குக் கிடைக்கும் ஆறுதல், இரண்டு ஆக்டேன் கூடுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பணம் மீதமிருந்தால் புதிய பிரேக் ஆயிலுக்குச் செலவிடுங்கள்.

வாங்கிய பூஸ்டரில் பாதி மீதமிருக்கிறது. டிக்கியிலேயே வைத்திருக்கலாமா? – ஈரோடு வாசகர்

வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி எளிதில் தீப்பற்றும் திரவத்துக்கான இடமல்ல. எம்எம்டி கொண்டதானால் வெளிச்சம் பட்டாலே சிதைந்துவிடும். என்-மெத்தில் அனிலின் போன்ற அமீன் வகையானால் தோல் வழியாகவே உடலுக்குள் சென்று, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும்; எனவே கையுறையின்றித் தொடக் கூடாது. அதன் சொந்தப் புட்டியிலேயே இறுக மூடி, வேறு தண்ணீர் பாட்டிலுக்கோ குளிர்பான பாட்டிலுக்கோ மாற்றாமல், குழந்தைகளுக்கு எட்டாத, இருண்ட, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பயன்படுத்தப் போவதில்லை என்றால் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயிலைச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.